சித்தூரிலிருந்து திருப்பதிக்கு

விடுமுறைக்குத் தாயகம் சென்ற நாம், வேங்கடவனைத் தரிசிக்கப் போகும் வழியில் சித்தூரில் ஓர் இரவு தங்கினோம். எம் பாட்டனாரின் நிலப்பத்திரமும் உடன் வந்தது. 1908-இல் எழுதப்பட்ட அப்பத்திரம், சந்திரகிரியை அடுத்த எம் சிற்றூரை வட ஆற்காடு ஜில்லாவில் வைக்கின்றது. எந்தையாரின் பள்ளிச் சான்றிதழோ அதனைச் சித்தூர் ஜில்லா என்கின்றது. இன்று அவ்வூர் திருப்பதி மாவட்டத்தது. ஊர் ஓரடியும் நகரவில்லை, கோடுகளே நகர்ந்தன.

வட ஆற்காட்டின் தலைநகராயிருந்த சித்தூர், 1911 ஏப்ரல் 1 அன்று தன் பெயரிலேயே ஒரு மாவட்டம் பெற்றது. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்கள் பிரிந்து வந்து சேர்ந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். பின்னர் பட்டாஸ்கர் அளித்த முடிவின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. 1985-இல் தாலுகாக்களின் இடத்தில் சிறு சிறு மண்டலங்கள் அமைந்தன. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. நாடாளுமன்றத் தொகுதிகளே அப்பிரிவினைக்கு அடிப்படை. அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நெல்லூரைச் சேர்ந்திருந்த கூடூரும் சூளூர்ப்பேட்டையும் அதனுள் வந்தன.

இதில் நன்மை இல்லாமலில்லை. முன்னர்க் கலெக்டரைக் காணத் திருப்பதி மக்கள் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடந்து சித்தூர் வரவேண்டும். இன்று அந்த அலைச்சல் இல்லை. ஆனால், பழைய ஆவணம் தேடுவோர்க்கு அலைச்சல் கூடிற்று. சித்தூரில் ஓர் அலுவலகத்தில் எம் பத்திரத்துக்கு நகல் கேட்டோம். முதிய எழுத்தர் ஒருவர், தெலுங்கு கலந்த இனிய தமிழில், "ஊர்ப்பெயர் இருக்கட்டும் ஐயா, எந்த வருஷத்துக் காகிதம்? வருஷம் தெரிந்தால்தானே ஜில்லா தெரியும்!" என்றார். அவர் கைகாட்டியபடி மறுநாள் திருப்பதிக்குப் பேருந்தில் புறப்பட்டோம். மாவட்டம் மாறிய இடம் எம் கண்ணுக்குப் புலப்படவில்லை. வயலும் குன்றும் ஒன்றாகவே தொடர்ந்தன. பேருந்தில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலித்தன.

நகல் இன்னும் கைக்கு வரவில்லை. எழுத்தரின் சொல் மட்டும் எம்முடன் வந்தது. கடல் கடந்து வாழும் அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பெரியோரிடம் இன்றே கேளுங்கள். ஊர், தாலுகா, ஜில்லா ஆகியவற்றோடு ஆண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். நாளை நம் பேரக்குழந்தைகள் வேரைத் தேடி வரும்போது, மாவட்டத்தின் பெயர் மீண்டும் மாறியிருக்கலாம். அக்குறிப்பே அவர்களை ஊர்வாசலில் கொண்டு சேர்க்கும்.