நாமகிரிப்பேட்டையார் வாசிக்கிறார், வேலூர் மேளக்காரர் காத்திருக்கிறார்

கல்யாண மண்டபத்தில் விடிகாலையில் முதலில் எழுந்திருப்பவர் சமையல்காரர். அடுத்து எழுந்திருப்பது ஸ்பீக்கர். காபிக்கு ஆட்கள் வந்து சேர்வதற்குள் நாதஸ்வரம் இழைய ஆரம்பித்துவிடும். வாசிப்பது யார் என்று யாரும் விசாரிப்பதில்லை. யாரோ ஒருவருடைய போனிலிருந்து வருகிற அந்த நாதம், பல கல்யாணங்களில், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனுடையது.

பரமத்தி வேலூர்க்காரர்களுக்கு அவர் அசலூர்க்காரர் இல்லை. காவிரிக் கரையை விட்டு வடக்கே நாமக்கல், ராசிபுரம் என்று பஸ் மாறிப் போனால், மலையடிவாரத்து மஞ்சள் காடுகளுக்கு நடுவே நாமகிரிப்பேட்டை வந்துவிடும். மஞ்சள் வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். அந்த ஊரின் பெயரை ரேடியோ இருந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கிருஷ்ணன். 1924-ல் பிறந்தார், 1981-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2001-ல் மறைந்தார்.

நாதஸ்வரம் என்றாலே காவிரி கடைமடைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தோடி ராகத்துக்கே சொந்தக்காரர்போலப் பேசப்பட்ட திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்தப் பக்கம். தெற்கே திருநெல்வேலிச் சீமையில் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு ஒலித்த அந்த நாதஸ்வரம் அவருடையதுதான். இந்த வரிசையில் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் போய் உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை.

நாதஸ்வரம் வீதிக்காகவே பிறந்த வாத்தியம். சாமி புறப்பாடு தெருமுனையில் வரும்போதே கடைசி வீட்டுக்குக் கேட்க வேண்டும். மைக் இல்லாத காலத்தில் தேருக்கு முன்னால் நடந்துகொண்டே மணிக்கணக்கில் ஊதினார்கள். கிருஷ்ணனின் வாசிப்பில் ஒரு மென்மை இருந்தது. அவசரப்படாது, காதைக் குத்தாது. வீதி அளவு சத்தம் உள்ள வாத்தியம் அவர் கையில் வீட்டுக் கூடத்துக்குள் பாந்தமாக அடங்கியது. ரேடியோவுக்கும் இசைத்தட்டுக்கும் அப்புறம் கேசட்டுக்கும் அவர் அத்தனை பொருத்தமாக அமைந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். காலை மங்கல இசை என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அவர் பெயர் தெரியாவிட்டாலும் நாதம் தெரியும்.

அந்த நாதம்தான் இன்றைக்குப் போனில் இலவசமாகக் கிடைக்கிறது. சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது.

வேலூர்ப் பக்கத்து மேளக்காரர் ஒருவரின் வருஷக் கணக்கைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மார்கழியில் அறவே இல்லை. மிச்சம் இருக்கிற மாதங்களில் விரல்விட்டு எண்ணும்படி முகூர்த்த நாட்கள். ஒரே நாளில் நாலு கல்யாணம் வந்தாலும் ஒன்றுக்குத்தான் போக முடியும். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதிப் பெட்டி என்று செட்டாகப் பேசினால் கூலியும் அத்தனை பங்காகப் பிரியும். வேலூரில் வெற்றிலைக்குப் பஞ்சமே இல்லை, ஊரைச் சுற்றிலும் கொடிக்கால்தான். ஆனால் அந்த வெற்றிலையைத் தாம்பாளத்தில் பாக்கோடும் பணத்தோடும் வைத்து, “நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு வந்துருங்க” என்று மேளக்காரர் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மண்டபம் பேசும்போதே மேளமும் பேக்கேஜில் வந்துவிடுகிறது. மேளத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும் என்றும் சிலர் கேட்கிறார்கள்.

கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சாப்பாடு, பந்தல், வீடியோ, டிரோன் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்போது, போனில் சும்மா கிடைப்பதற்கு யார்தான் காசு கொடுப்பார்கள்? அதுவும் அதைவிட நன்றாக வாசிக்க இந்த ஜில்லாவில் ஆளில்லை என்றால்? வேலூர் மேளக்காரர் போட்டி போட வேண்டியது பக்கத்து ஊர் மேளக்காரரோடு அல்ல, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனோடு. அவரோ களைப்பதில்லை, முன்பணம் கேட்பதில்லை, பந்தியில் இடம் கேட்பதும் இல்லை.

ஆனால் அவருக்குக் கண் இல்லை.

மேடையில் உட்கார்ந்திருக்கும் நாதஸ்வரக்காரர் வாசிக்கும்போது விரலைப் பார்ப்பதில்லை, மணவறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண் புடவை மாற்றிக்கொண்டு வரத் தாமதமா, ஆலாபனை இன்னொரு சுற்று நீளும். ஐயரோ அருமைக்காரரோ தாலியைக் கையில் எடுக்கிறார், கீர்த்தனை எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு கண்ணசைவில் நிற்கும். தாலி ஏறும் நொடியில் தவில் இரண்டும் சேர்ந்து இடிக்கும். அபசகுனமாக ஒரு தும்மலோ வேண்டாத சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்பதற்குத்தான் கெட்டி மேளம். இதைப் போனால் செய்ய முடியாது. போனில் ஓடவிட்டிருக்கும்போது நடுவில் விளம்பரம் வந்து, மணப்பெண் தலைகுனிந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்கடன் வட்டி பற்றி ஒரு குரல் பேசினால், அதற்கும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது.

கொங்குக் கல்யாணத்தில் மேளத்துக்கு வேலை இன்னும் அதிகம். ஒரு நாளில் முடிகிற முகூர்த்தம் இல்லை அது. நாட்டுக்கல் சீர், இணைச்சீர் என்று சீருக்கு மேல் சீர். கம்பர் பாடிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தைக் குடிமகன் நின்று பாட, இடையிடையே மேளம் ஒலிக்கும். எந்தச் சீருக்கு எப்போது தட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் கற்றுக்கொண்டது அல்ல. அப்பா பின்னால் தாளம் தட்டிக்கொண்டு பத்து வயதிலிருந்து போய்வந்தவர்களுக்கு அது தானாக வரும். சீர்களே ரிசப்ஷனுக்கு இடம் கொடுத்துச் சுருங்கி வருவதால், அது தெரிந்தவர்களுக்கும் வேலை சுருங்குகிறது.

இந்த வாத்தியம் கையில் வந்து உட்கார எத்தனை வருஷம் ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முற்றிய ஆச்சா மரத்தை வாங்கிவந்து கடைந்து செய்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழல் அங்கிருந்து வந்துவிடும், வாசிப்பு வராது. ஏழு துளைகள்தான். சாவி கிடையாது, பொத்தான் கிடையாது. விரலைப் பாதி மூடுவதிலும், உதட்டில் சீவாளியை அழுத்துவதிலும், மூச்சின் கனத்திலும்தான் ராகமே பிறக்க வேண்டும். பல் ஆடத் தொடங்கினால் வித்வான் கவலைப்படுவது சாப்பாட்டுக்காக மட்டும் அல்ல.

தவில் இன்னும் முரடு. பலா மரத்தைக் குடைந்த உடம்பு. வலந்தலையில் பசையும் துணியும் சுற்றிக் கல்லாக இறுகிய கூடுகளை விரலில் மாட்டிக்கொண்டு அடிக்க வேண்டும், மறுபக்கம் பூவரசங் குச்சி. தினமும் சாதகம் பண்ணினால்தான் கை நிற்கும். சாதகம் பண்ண அக்கம்பக்கத்து வீடுகள் சம்மதிக்க வேண்டும் என்பது தனிக் கதை.

கற்றுக்கொடுக்க இடம் இல்லாமல் இல்லை. ஆற்றைக் கடந்தால் கரூரிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். படித்துவிட்டு வருகிற பையன் எங்கே வாசிப்பது என்பதுதான் கேள்வி. கோயில் என்றால், பல கோயில்களில் தீபாராதனை நேரத்துக்கு மோட்டார் வைத்த மணியும் முரசும் சுவிட்சைத் தட்டினால் தானே அடித்துக்கொள்கின்றன. ஊர்வலம் என்றால், சிலர் கேரளத்துச் செண்டை மேளத்தை வரவழைக்கிறார்கள். செண்டை அருமையான வாத்தியம்தான். வீடியோவில் பார்க்கவும் எடுப்பாக இருக்கும். அதனால்தான் கூப்பிடுகிறார்கள் என்பதும் மேளக்காரருக்குத் தெரியும்.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது முகூர்த்தமும் திருவிழாவும் கூடி வருகிற சீசன் அப்படியே போயிற்று. ஐம்பது பேரோடு கல்யாணத்தை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஐம்பதில் மேளக்காரர்களைச் சேர்த்துக்கொண்ட வீடுகளும் உண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு முடித்த வீடுகளும் உண்டு. அப்படி முடித்துப் பழகியது ஊரடங்கு போன பிறகும் போகவில்லை.

கிருஷ்ணனின் பதிவுகளை அணைத்துவிடச் சொல்வது முட்டாள்தனம். இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்கள் முதலில் கேட்டுப் படிப்பதும் அவற்றைத்தான். அவர் ஒரு பிடியை எப்படி இறக்குகிறார் என்று போனை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் இதற்காகவே குருவின் வீட்டில் வருஷக்கணக்கில் தங்கி வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆனால் கேட்டதை வாசித்துப் பார்க்க மேடை வேண்டும். மேடையில் தப்பு செய்ய வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் முகம் சுளிக்க வேண்டும். இருபது வயதில் கிருஷ்ணனுக்கு அதெல்லாம் கிடைத்திருக்கும். இல்லாமல் அந்த நாதம் வந்திருக்காது.

கேட்க ஆள் இருந்தால் மேளக்காரருக்கு இன்னும் கை வரும். முகூர்த்தத்துக்கு முன்னால் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஒரு அரைமணி நேரம் கொடுத்தால் கல்யாணியை விரித்து வாசிப்பார். கபிலர்மலையில் தைப்பூசத் தேரைப் பார்க்க வருகிற கூட்டத்தில், சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி எடுத்தால் அடையாளம் கண்டு நின்று கேட்கிறவர்கள் கொஞ்சமாவது இருப்பார்கள். ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு கேட்டால் அதையும் மறுப்பதில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தப் படத்துப் பாட்டுகளைக் கேட்காத கூட்டம் இல்லை.

மற்ற நாட்களில் அவர் தவில்காரரின் மகன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறான். முகூர்த்த நாளுக்கு மட்டும் லீவு கேட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து உட்காருகிறான். வெல்டிங் வேலை செய்த விரலில் கூடு மாட்டினால் முதல் பத்து நிமிஷம் வலிக்கும். வரும் தை மாதத்துக்கு நாலு முகூர்த்தம் பேசியிருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டார் கேட்டிருப்பது கெட்டி மேளம் மட்டும். தாலி கட்டும் நேரத்துக்கு வந்தால் போதுமாம், மற்ற நேரத்துக்குப் பாட்டு அவர்களிடமே இருக்கிறதாம்.