கொல்கத்தாவில் ஒரு சனியும் ஞாயிறும்

வாரம் முழுவதும் கோப்புகளோடு மல்லுக்கட்டும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சனியும் ஞாயிறும் வரப்பிரசாதம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆனால் ஆராய்ச்சி மாணவர் என்னும் ஒரு வகுப்பார் இருக்கின்றனர். இவர்கள் மாணவர்களா, உத்தியோகஸ்தர்களா என்று உற்றார் உறவினருக்கு இன்னும் விளங்கியபாடில்லை. "இன்னுமா படிக்கிறாள்?" என்னும் கேள்வி இவர்களைப் பெற்றோரை ஊர்தோறும் துரத்திக்கொண்டிருக்கிறது.

நம் தமக்கையாரும் இக்கேள்வியால் இளைத்துப்போனவர்களுள் ஒருவர். அவருடைய ஒரே மகள் தென் கொல்கத்தாவில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டத்திற்காக நான்காம் ஆண்டாக உழைத்து வருகிறாள். சென்ற சித்திரையில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நல்ல வரன் தகைந்தது. பெண் உடனே ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது பிள்ளை வீட்டாரின் நிபந்தனை. "கரக்பூரில் இருக்கும் நீதான் நேரில் போய், பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவளை அழைத்து வர வேண்டும்" என்று தமக்கையார் தொலைபேசியில் நமக்குக் கட்டளையிட்டார். அதன்படி ஒரு சனிக்கிழமை காலை நாமும் நமது இல்லத்தரசியும் புறப்பட்டோம்.

கரக்பூர் நிலையத்தின் நடைமேடை 1,072 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுடையது. உலகிலேயே நீளமானது என்று நாம் விருந்தினரிடமெல்லாம் பெருமை பேசியதுண்டு. 2013-இல் கோரக்பூர் அப்பெருமையைப் பறித்துக்கொண்டது. 2023-இல் ஹூப்ளி 1,507 மீட்டர் நடைமேடையோடு கோரக்பூரையும் மிஞ்சியது. பெருமை போனாலும் நடக்க வேண்டிய தூரம் குறையவில்லை. அங்கிருந்து ஹௌராவுக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர்.

ஹௌராவில் இறங்கி ஊக்ளி நதியைக் கடக்க, முன்போல் பாலத்து நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. 1984-இல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடிய நகரம் கொல்கத்தா. அந்நகரிலேயே 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியிலும் மெட்ரோ ஓடத் தொடங்கிற்று. ஆற்றின் கீழ்ச் சுரங்கம் சுமார் 520 மீட்டர்; வண்டி அதனை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது. எஸ்பிளனேடில் வண்டி மாறிக் காளிகாட்டில் இறங்கினோம். லேக் மார்க்கெட் அருகே வசிக்கும் தமிழ் நண்பர் ஒருவர் இல்லத்தில் பெட்டியை வைத்துவிட்டு, பெண்ணைக் காணச் சென்றோம்.

நிலையத்தின் வாயிலுக்கு அவள் வந்தபோது இல்லத்தரசி திடுக்கிட்டார். கண்கள் சிவந்து, முகம் வாடி, தலை வாராமல் நின்றாள். "வாங்க மாமா, வாங்க அத்தை. நேற்று இரவு பத்து மணியிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்" என்றாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அத்தை கேட்டதற்கு, "முறி" என்று பதில் வந்தது. முறி என்பது வங்காளிகளின் பொரி. கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து உண்பார்கள்.

அவள் செய்யும் ஆராய்ச்சியை நமது மெட்ரிக் படிப்புக்கு எட்டிய அளவில் இங்கே சொல்லுகிறோம். ஒரு படிகத் துண்டைக் கடுங்குளிருக்கு உட்படுத்தி, பின் சிறுகச் சிறுக வெப்பநிலையை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அதன் மின்தடையை அளக்க வேண்டும். குளிரூட்டுவதற்குத் திரவ நைட்ரஜன் பயன்படுகிறது. அது மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் பொருள். அளவுகளைக் கணினியே குறித்துக்கொள்கிறது. ஆயினும் சில மணி நேரத்திற்கு ஒரு முறை பாத்திரத்தில் நைட்ரஜனை நிரப்ப ஆள் வேண்டும். ஒரு சுற்று முடிய முப்பது மணி நேரம். கருவி ஒன்று, மாணவர் பலர். ஆகவே முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளி இரவு முதல் திங்கள் காலை எட்டு மணி வரை இவளுடைய முறை. இதைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் துணையாக வர்த்தமான் பக்கத்து வங்காளிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒருத்தி விழித்திருக்க மற்றவள் பெஞ்சின்மேல் உறங்குவது அவர்களுக்குள் ஏற்பாடு. இரவில் பெண்பிள்ளை தனியே இருப்பாளோ என்னும் தமக்கையாரின் கவலைக்கு அங்கேயே பாதி விடை கிடைத்தது.

மாலையில் இல்லத்தரசி லேக் மார்க்கெட்டுக்குச் சென்று கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் வாங்கி, நண்பர் வீட்டு அடுக்களையில் தயிர்ச்சாதம் கிளறி, மாவடு வைத்துக் கட்டினார். நாம் அதை எடுத்துக்கொண்டு மீண்டும் நிலையத்தை அடைந்த சமயத்தில் வானம் கறுத்தது. கோடையில் வங்காளத்தைத் தாக்கும் இந்தப் புயல்மழைக்குக் கால்பைசாகி என்று பெயர். காற்று மரங்களை வளைத்தது, மின்னல் வெட்டியது, விளக்குகள் அணைந்தன. மின்கலத் துணையோடு சில நிமிடம் மூச்சுப் பிடித்திருந்த கருவியும் ஓய்ந்தது. மின்தடையை அளக்கும் கருவியை மின்தடையே நிறுத்திவிட்டது!

நாற்பது நிமிடம் கழித்து விளக்கு எரிந்தது. அதற்குள் படிகத்தின் வெப்பநிலை தாறுமாறாக ஏறிவிட்டது. இருபது மணி நேர உழைப்பு வீண். பெண் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நாம் எதிர்பார்த்தோம். அவளோ கைக்கடிகாரத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். "இப்போது இரவு எட்டு. திங்கள் காலை எட்டுக்கு முப்பத்தாறு மணி நேரம் இருக்கிறது. முப்பது போதும்" என்று சொல்லி, தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு நைட்ரஜன் பாத்திரத்தை நோக்கி நடந்தாள். தயிர்ச்சாதத்தை இரு பெண்களும் பத்து மணிக்குத்தான் தொட்டார்கள். வங்காளிப் பெண்ணுக்கு மாவடு மிகவும் பிடித்துவிட்டது.

நிற்க. வரன் பற்றிய பேச்சை எடுக்க அன்றிரவு நமக்கு நா எழவில்லை.

ஞாயிறு காலை அவள் இரண்டு மணி நேரம் உறங்கப் போனாள். "அதற்குள் பௌபஜாருக்குப் போய் வாருங்கள் மாமா. உங்களைப்போல் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர் வேலை செய்த இடம்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினாள். பௌபஜார் தெருவுக்கு இன்றைய பெயர் விபின் பிஹாரி கங்குலி தெரு. இருமருங்கும் நகைக் கடைகள். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தோற்றுவித்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அத்தெருவின் 210-ஆம் எண்ணில் இருந்தது. இப்போது அவ்விடத்தில் ஒரு வணிகக் கல்லூரி இருக்கிறது. கழகம் யாதவ்பூருக்கு இடம் மாறிவிட்டது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1907-இல், பதினெட்டாம் வயதில், கணக்குத் துறை அதிகாரியாகக் கொல்கத்தாவுக்கு வந்தார். அலுவலகம் திறப்பதற்கு முன்னும், மூடிய பின்னும் இக்கழகத்திற்கு வந்து பரிசோதனைகள் செய்தார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்ற காலம் போக, பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917-இல் கூடுதல் சம்பளம் தந்த அரசாங்க வேலையை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் 1923-இல் அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். இருவரும் அறுபது திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவை உறுதி செய்தனர். 1930-இல் நோபல் பரிசு வந்தது. இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்தவைதாம். ஆயினும் அந்த நெரிசலான தெருவில் நின்று எண்ணிப் பார்க்கையில், 1907-க்கும் 1928-க்கும் இடையே எத்தனை சனிகளும் ஞாயிறுகளும் கழிந்திருக்கும் என்பதே நம் நெஞ்சில் தோன்றிற்று. இல்லத்தரசிக்குத் தோன்றியது வேறு. "இரவு பகலாக இங்கே கிடந்தவர்களுக்குச் சோறு யார் கொண்டுவந்து கொடுத்தார்களோ!" என்றார்.

நாம் திரும்பியபோது பெண் விழித்தெழுந்து, மடியில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். இளநிலை மாணவர்களின் அறுபது தாள்களைத் திருத்தித் திங்களன்று கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. அத்தை கேளாமலே துணியை அலசிப் போட்டார். நாம் மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்தோம். குமாஸ்தாவுக்கு வேறென்ன தெரியும்!

அப்போதுதான் பணநிலை பற்றி விசாரித்தோம். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டு கழிந்து முதுநிலைக்கு உயர்ந்தோருக்கு 42,000 ரூபாயும் என்று உதவித்தொகை உயர்த்தப்பட்டது. தொகை குறைவன்று. ஆனால் இவளுக்கு நான்கு மாதமாக அது வந்து சேரவில்லை. தோழியரிடம் கைமாற்று வாங்கிக் காலம் தள்ளுகிறாள். வீட்டிற்கு ஏன் தெரிவிக்கவில்லை என்றோம். "தெரிந்தால் அம்மா உடனே கிளம்பி வா என்பார்கள்" என்றாள்.

வந்த காரியத்தை இனியும் மறைப்பது முறையன்று என்று வரனைப் பற்றிச் சொன்னோம். அவள் கோபிக்கவில்லை. "கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை மாமா. இன்னும் இரண்டு சுற்று அளவுகளும், எழுதும் வேலையும் பாக்கி. ஓராண்டு போதும். அந்த ஓராண்டைப் பொறுக்க முடியாதவர்கள் பிறகு எதைப் பொறுப்பார்கள்?" என்றாள். கணக்குத் தவறாத பதில் அது. மறுமொழி சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

மாலை வண்டியில் ஊர் திரும்பினோம். மறுநாள் காலை அவளிடமிருந்து செய்தி வந்தது: "இரவு இரண்டு மணிக்கு முழுச் சுற்றும் முடிந்தது. அளவுகள் நன்றாக இருக்கின்றன. பத்து மணிக்கு வகுப்பு."

அன்று மாலையே தமக்கையாருக்குக் கடிதம் எழுதினோம். தொலைபேசியில் சொன்னால் குறுக்கே பேசுவார். கடிதத்தைக் கடைசி வரை படிப்பார். பெண் நலமாயிருக்கிறாள், துணைக்குத் தோழி இருக்கிறாள், ஓராண்டு வேண்டும் என்கிறாள், அது நியாயமே, பிள்ளை வீட்டார் காத்திருக்க இசைந்தால் நல்லது, இசையாவிட்டால் வேறு இடம் வாய்க்கும், உதவித்தொகை வந்து சேரும் வரை செலவுக்கு நாம் அனுப்புகிறோம். இவ்வளவே எழுதினோம். "அவள் படித்துக்கொண்டிருக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று ஊரார்க்குச் சொல்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். பிள்ளை வீட்டாரின் பதில் இன்னும் வரவில்லை. தமக்கையார் மட்டும், மகளுக்கென்று மாவடு ஜாடி ஒன்று நம் முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்.

நம் கரக்பூரிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. 1951-இல் ஹிஜ்லிச் சிறைமுகாம் கட்டடத்தில் தொடங்கிய தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ்நாட்டு ஆராய்ச்சி மாணவர்களும் இருக்கின்றனர். அவர்களை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைக்கலாம் என்று சங்க அன்பர் சிலர் யோசனை கூறினர். நல்ல யோசனைதான். ஆனால் அன்று அவர்களுக்கு முறை வந்திருக்கக்கூடும். "எப்போது முடியும்?" என்று கேளாமல், சோற்றை அவர்கள் இருக்குமிடத்திற்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது உத்தமம். துணைக்கு விழித்திருக்கும் தோழிக்கும் சேர்த்துக் கட்டுங்கள் என்று இல்லத்தரசி எழுதச் சொல்கிறார்.