முதுகுத்தண்டில் ஒரு துண்டுப் பஞ்சு



இருபது ஆண்டுகளாக மதரஸாவில் தரையில் அமர்ந்தே ஓதிக்கொடுத்து வந்த எமக்கு, சென்ற ஆண்டு இடுப்பு வட்டு பிதுங்கி இடக்கால் நரம்பை அழுத்தியது. ஸுஜூது செய்ய இயலாமல் நாற்காலியில் தொழும் நிலை வந்த பின்னரே அறுவைச் சிகிச்சைக்கு இசைந்தோம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எலும்பைச் சிறிது குடைந்து, பிதுங்கிய வட்டை அகற்றியபின் அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகும். அதில் இரத்தம் தேங்கி உறைந்தால், முதுகுத் தசையிலிருந்து நார்த்திசு உயிரணுக்கள் அதனுள் புகுந்து அதனைக் கெட்டித் தழும்பாக மாற்றும். அத்தழும்பு தண்டுவட உறையிலும் நரம்பு வேரிலும் ஒட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் அது வலி தராது. சிலருக்குப் பழைய வலியே திரும்பும். மீண்டும் திறக்க நேர்ந்தால், தழும்பைப் பிரிக்கையில் உறை கிழியும் அபாயமும் உண்டு. ஆகவே இரத்தத்தை முற்றிலும் நிறுத்திய பிறகே காயத்தை மூடுவார்களாம். நரம்பின் அருகே ஒவ்வொரு மெல்லிய சிரையையும் சூடுவைத்து அடைக்க முடியாதாகையால், இரத்தத்தை உறையவைக்கும் ஜெலட்டின் பஞ்சை வைப்பார்கள். நான்கு முதல் ஆறு வாரங்களில் அது உடலிலேயே கரைந்துவிடும். ‘தழும்பைக் குறைக்க முயல்வோம், வராது என உறுதி கூற முடியாது’ என்றார். அந்த நேர்மை எமக்குப் பிடித்திருந்தது.

முந்தைய இரவு, மருந்துக்கடை நடத்தும் பழைய மாணவர் தொலைபேசியில், “ஹஸ்ரத், அந்தப் பஞ்சு பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுப்பது. கேட்டுக்கொண்டீர்களா?” என்றார். நாம் கேட்டிருக்கவில்லை. கையொப்பமிட்ட படிவத்திலும் அது பற்றி ஒரு சொல் இல்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஹலால் முத்திரை பார்த்து பிஸ்கட் வாங்கும் நாம், முதுகுக்குள் வைக்கப்படுவதைக் கேட்கத் தவறியிருந்தோம்!

காலையில் மருத்துவரிடம் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. தம்மிடம் இருப்பது பன்றி ஜெலட்டினே என்றார். மாட்டு ஜெலட்டினுடன் மனிதத் திராம்பின் சேர்த்த பசை உண்டு. விலை அதிகம், அன்று கையிருப்பில் இல்லை. தாவர செல்லுலோஸால் ஆன வலையும் உண்டு. ஆனால் குறுகிய எலும்புக் குழிக்குள் அது ஊதி நரம்பை அழுத்தக்கூடும் என்பதால், இரத்தம் நின்றதும் எடுத்துவிட வேண்டும். “முதலில் அதைப் பயன்படுத்துகிறேன். நிற்காவிட்டால் பஞ்சு வைக்க அனுமதி வேண்டும்” என்றார்.

ஜெலட்டின் முற்றிலும் உருமாறிய பொருள், ஆகவே தூய்மையானது என 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கு கூறியதை நாம் அறிவோம். ஆயினும் எமது ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வாசல் மிகக் குறுகியது. எமக்குத் துணைநின்றது, நாமே பலமுறை பாடம் நடத்திய இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’. தூயது கிடைக்காமல், முறிந்த எலும்பை நஜீஸான எலும்பால் இணைத்தவர் மன்னிக்கப்பட்டவர் என்கிறது அது. நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்னும் அல்பகரா 173ஆம் வசனத்தையும் நினைத்து, அனுமதி அளித்தோம்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் அதைத்தான் வினவினோம். ஒரு சிரை அடங்க மறுத்ததால், விரல் நகமளவு துண்டு வைக்க நேர்ந்தது என்றார். எம் மனைவி கலங்கினார், “வாரக்கணக்கில் உள்ளே இருக்குமே, தொழுகை கூடுமா?” என்றார். கூடும் என்று மேற்சொன்ன சட்டத்தை விளக்கினோம். மாணவர்களுக்கு விளக்கியபோது இருந்த உறுதி அப்போது எம் குரலில் இருந்ததா என்பது ஐயமே.

ஏழாம் வாரம் மருத்துவர் குனிய அனுமதித்தார். அன்று அஸரில் நெற்றி பாயைத் தொட்டது. காலில் இழுப்பு இல்லை. பாடம் மட்டும் இன்னும் நாற்காலியிலிருந்துதான்.