அம்மாவின் தையல் இயந்திரம்

குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் வாழும் எங்களுக்கு அம்மாவின் மோட்டார் தையல் இயந்திரமே சோறு போடுகிறது. 1932-இல் பைக்காரா ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். அந்த மின்சாரம் நமக்கு வரப்பிரசாதம். ஆயினும் கம்பி வழியே ஆபத்தும் வரும். அருகில் மின்னல் விழுந்தால், 230 வோல்ட் ஓடும் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். சுவிட்சை அணைத்திருந்தாலும் அதன் சிறு இடைவெளியைத் தாண்டி மோட்டாரை எரித்துவிடும். ஆகவே வானம் கறுத்ததும், இடி நெருங்குமுன்பே, அம்மா பிளக்கைக் கழற்றிவிடுவார். மின்தடையின்போதும் அப்படியே, மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் ஏறி இறங்கக்கூடும். மழைக்கால ஈரத்தில் மின்கசிவு ஏற்பட்டால், தைப்பவரைக் காப்பது மூன்று முனைப் பிளக்கின் எர்த் இணைப்பு. மோட்டார் எரிந்தால் புதிது வாங்க எங்களால் இயலாது. பிளக்கைக் கழற்றவோ காசு வேண்டியதில்லை. தோழியரே, உங்கள் இல்லத்திலும் இதைப் பழக்கமாக்குங்கள்!