சங்கத்துக்குச் சந்தா, கட்சிக்காரருக்கு வாய்

வக்கீல் தொழிலில் நாங்கள் பேசுவதில் பெரும்பகுதி எங்கள் சொந்தப் பேச்சு அல்ல. கட்சிக்காரர் தன் போக்கில் கொட்டியதைச் சட்டத்துக்கு ஏற்றபடி அடுக்கி நீதிபதி முன் வைக்கிறோம். வக்காலத்தில் அவர் கையெழுத்துப் போட்டதும் அவருடைய வாய் எங்கள் பொறுப்பு. வக்கீலுக்குப் பேச்சுரிமை எவ்வளவு, அவர் சேர்ந்தே ஆக வேண்டிய அமைப்பு அதில் எவ்வளவு கைவைக்கலாம் என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன்.

அமைப்புகள் இரண்டு. முதலாவது பார் கவுன்சில். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி அதில் பதிவு செய்யாமல் யாரும் தொழில் நடத்த முடியாது. தகுதியைச் சரிபார்ப்பதும் தவறு செய்தவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அதன் வேலை. அது கட்டாயமாக இருப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. போலிப் பட்டத்தோடு வருகிறவரை யாராவது வாசலில் நிறுத்தத்தானே வேண்டும்?

இரண்டாவது, நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் வழக்கறிஞர் சங்கம். தொழில் செய்யும் இடத்துச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும் என்கின்றன இந்திய பார் கவுன்சிலின் 2015ஆம் ஆண்டு விதிகள். சேர விருப்பமில்லாதவர் அதை மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவிப்பதோடு, சேமநலத் திட்டங்களின் பலனை எப்படிப் பெறப்போகிறார் என்றும் விளக்க வேண்டும். இப்படி விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு விலகி நிற்கிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? நானும் சந்தா கட்டுகிறேன், மனசாரவே கட்டுகிறேன். சங்க நூலகத்தின் தீர்ப்புத் தொகுப்புகளை நம்பித்தான் பல ஜூனியர்கள் தொழில் கற்றார்கள். காவல் நிலையத்தில் ஒரு வக்கீல் அடிபட்டால் முதலில் ஓடிவருவதும் சங்கம்தான்.

சிக்கல் சங்கம் நீதிமன்றப் புறக்கணிப்பு அறிவிக்கும் நாளில் வருகிறது. முந்தைய நாள் பொதுக்குழுவில் செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். முன்வரிசையில் கைதட்டல் எழும். "எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்" என்பார். சங்கத் தேர்தல் பக்கத்தில் இருக்கும், சீனியர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்; எந்தக் கை மேலே போகும்? மறுநாள் அறிவிப்புப் பலகையில் "ஏகமனதாக" என்ற சொல்லோடு தாள் ஒட்டியிருக்கும்.

அன்று காலை கோர்ட் ஹாலில் பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைக் கூப்பிடுவார். பதில் இருக்காது. வராந்தாவில் ரிமாண்டில் இருப்பவரின் மனைவி ஜூனியரை மடக்குவார்: "சார், ஜாமீன் மனு இன்னைக்குத்தானே வருது? பெரிய வக்கீலய்யா வரலைன்னா ஜட்ஜய்யாகிட்ட யாரு சொல்றது?" ஜூனியர், "இன்னைக்குப் புறக்கணிப்பும்மா, வாய்தா போட்டுருவாங்க" என்பார். கணவர் இன்னும் சில இரவுகள் சிறையில் இருப்பார் என்பதுதான் அந்த வாய்தாவுக்கு அர்த்தம். அன்று அவருக்காகப் பேச உள்ளே போக நினைக்கும் வக்கீலின் பெயரைக் குறித்துக்கொள்ள வாசலில் ஆள் நிற்பதும் உண்டு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை, புறக்கணிப்பில் சேர மறுப்பவரைச் சங்கம் நீக்கவோ மிரட்டவோ கூடாது என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது. கோவையில் வக்கீல்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்தபோது, அது தொடர்பான வழக்கில் சிக்கிய போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அப்படிப்பட்ட தீர்மானம் எதுவும் செல்லாது என்று 2010இல் முகமது ரஃபி வழக்கில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததே தவிர, பொதுக்குழுவில் கை தூக்கும் துணிச்சல் அதோடு சேர்ந்து வரவில்லை.

எங்கள் வாயைப் பிறர் கட்டும்போது எங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, நீதிபதிகள்மேல் ஆதாரமற்ற புகார் பரப்புகிற, வளாகத்தில் ஊர்வலம் போகிற வக்கீல்களைத் தானே தடை செய்ய அதிகாரம் எடுத்துக்கொண்டது. தெருவில் இறங்கினோம். 14-ஏ முதல் 14-டி வரையிலான அந்த விதிகளை 2019 ஜனவரியில் முத்துகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2021இல் பார் கவுன்சிலின் தீர்மானங்களை மீறுவதையும் அதை இழிவாகப் பேசுவதையும் ஒழுங்கீனமாக்கும் திருத்தத்தை இந்திய பார் கவுன்சில் கொண்டுவந்தபோதும் கொதித்தோம், அது நிறுத்திவைக்கப்பட்டது. மேலே இருப்பவர்களிடம் இப்படிக் கேட்டு வாங்கும் சுதந்திரத்தை, பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுக்க மட்டும் கை வருவதில்லை.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. கலிஃபோர்னியாவில் மாநில பார் அமைப்பில் உறுப்பினராகாமல் தொழில் நடத்த முடியாது. கட்டாயச் சந்தாவைத் தொழிலை ஒழுங்குபடுத்தவும் சட்ட சேவையின் தரத்தை உயர்த்தவும் செலவிடலாம், துப்பாக்கிக் கட்டுப்பாடு, அணு ஆயுத முடக்கம் போன்ற கொள்கைப் பிரச்சாரத்துக்குச் செலவிடக் கூடாது என்று 1990இல் கெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. அந்தக் கோட்டை அப்படியே இங்கே இழுக்க எனக்கு மனமில்லை. 2009 தொடக்கத்தில் ஈழத் தமிழருக்காகச் சென்னை வக்கீல்கள் குரல் கொடுத்ததை வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஊர்ப் பிரச்சினையில் வாய் திறக்காத சங்கம் நூலகத்தோடு நின்றுபோகும். ஆனால் தீர்மானம் நியாயமானது என்பதாலேயே என் கட்சிக்காரரின் ஜாமீன் மனுவை அதற்குக் காணிக்கையாக்க எனக்கு அதிகாரம் கிடைத்துவிடாது. அந்த மனு என் சொத்து இல்லை.

ஆகவே சங்கத்தின் துணைவிதிகளில் மூன்று வரி போதும் என்று நினைக்கிறேன். புறக்கணிப்புத் தீர்மானத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும். எதிர்த்து விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையையும் பலகையில் ஒட்ட வேண்டும். ஆஜரானவர்மேல் எந்த நடவடிக்கையும் கூடாது. "ஒற்றுமை குலைந்துவிடும்" என்பார் சீனியர் ஒருவர். குறுக்கு விசாரணையில் சாட்சியை எதிர்க்கேள்வி கேட்டே பிழைக்கும் எங்களுக்கு, எதிர்வாக்கு விழுந்தாலே உடைந்துவிடும் ஒற்றுமை எதற்கு?