இரண்டாம் பயணி

தொல்காப்பிய வகுப்பில் அகத்திணையியல் நடத்தும்போது பிரிவு பற்றிய பகுதி வரும். தலைவன் நிலம் கடந்தும் போவான், கடல் கடந்தும் போவான். கடல்வழிப் பயணம் மட்டும் பெண்ணோடு இல்லை என்று நூற்பா சொல்லும். காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என்று உரை விளக்கும். பதினெட்டு வருடமாக நானும் அதைக் கரும்பலகையில் எழுதி, “ஐந்து மதிப்பெண் வினாவில் வரும்” என்று சொல்லி நகர்ந்திருக்கிறேன். ஒருநாள் முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “மேடம், நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனதைக் கப்பல் கணக்கில் சேர்க்க முடியாது.

அன்றிரவு விடைத்தாள் கட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணினியில் தேட ஆரம்பித்தேன். எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எட்டாம் வகுப்பில் புவியியல் டீச்சர் பனாமா கால்வாயைப் படிக்கட்டு போல வரைந்து காட்டினார். கப்பலைத் தண்ணீரே தூக்கி மாடியில் வைக்கும், அந்தப் பக்கம் போனதும் இறக்கிவிடும் என்றார். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டாள்: “தண்ணி எப்படிடி மாடி ஏறும்?” எனக்குப் பதில் தெரியவில்லை.

நான்கு மாதம் தேடினேன். முதலில் கற்றுக்கொண்டது பருவம். கரீபியன் கடலில் புயல் காலம் நவம்பரோடு முடியும். பனாமாவில் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழையில்லாத காலம். வடக்கே பனி கொட்டும்போது அங்கே வெயிலடிக்கும் என்பதால், கால்வாய் வழியே போகும் உல்லாசக் கப்பல்கள் குளிர்காலத்தை ஒட்டியே அதிகம்.

இரண்டாவது, பாதிப் பயணம், முழுப் பயணம் என்ற வேறுபாடு. பாதிப் பயணத்தில் கப்பல் கரீபியன் பக்கமாக கட்டூன் ஏரிவரை ஏறி, அங்கே சற்று நின்று, வந்த வழியே இறங்கிவிடும். பத்துப் பதினோரு நாளில் முடியும். விலையும் குறைவு. முழுப் பயணம் ஒரு பெருங்கடலில் நுழைந்து மறு பெருங்கடலில் வெளியேறுவது. ஃபுளோரிடாவில் ஏறினால் கலிஃபோர்னியாவில் இறங்கலாம். அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டும். என் பருவ விடுமுறைக்குள் அடங்குவது பாதிதான்.

மூன்றாவது, மதகுகள். 1914இல் திறந்த பழைய மதகுகளும் உண்டு, 2016இல் திறந்த அகலமான புதியவையும் உண்டு. மாபெரும் கப்பல்கள் புதியதில்தான் நுழைய முடியும். பழையதில் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும் என்று படித்ததும் சின்னக் கப்பலாகத் தேடினேன்.

கப்பல் கிடைத்தது. தேதியும் ஒத்துவந்தது. முன்பதிவுப் படிவத்தைத் திறந்தால், முதல் பயணி, இரண்டாம் பயணி என்று இரண்டு பெட்டிகள். இரண்டாவதை வெறுமையாக விட்டுக் கீழே வந்து பார்த்தேன். தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. விலை தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தாலும் ஓர் அறையில் இருவர் என்பதே கணக்கு. தனியாக வருகிறவர் வராத ஆளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். சில கப்பல்களில் ஒற்றை ஆளுக்கான அறைகள் உண்டு. கொஞ்சம்தான் என்பதால் முன்கூட்டியே தீர்ந்துவிடுகின்றன.

எனக்கு இது புதிதல்ல. வாடகை வீடு தேடியபோதும் இதே இரண்டாம் பெட்டியைத்தான் நிரப்பச் சொன்னார்கள். நாற்பத்தாறு வயதில், முனைவர் பட்டத்தோடு, நான் இன்னும் பாதி நிரப்பிய படிவம்.

பயண முகவர் நல்ல மனிதர். “அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுங்க மேடம். காசும் வீணாகாது, யாரும் ஒண்ணும் சொல்லவும் மாட்டாங்க” என்றார். வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று கேட்டுக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். எந்த நாடு, எத்தனை நாள் என்பதற்கு முன்பே, “கூட யாரு வர்றாங்க?” என்ற கேள்வி வந்தது. ஆய்வரங்கத்துக்கு மலேசியா போனபோது இதை யாரும் கேட்கவில்லை. அது வேலை.

அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். நூற்பா எதைச் சொன்னாலும் தமிழ்ப்பெண் கடல் தாண்டாமல் இல்லை. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்குக் கொண்டுபோனது. அதில் பெண்களும் இருந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறையில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று கணக்கு வைத்தே கப்பலேற்றிய காலமும் உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் கடல் பெண்ணுக்குத் திறந்துவிடும். கூலிக்குப் போகலாம், கணவனோடு போகலாம், பேத்தியைக் குளிப்பாட்ட அமெரிக்கா போகலாம். சும்மா வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்றால்தான் கூட யாரு என்று கேட்கிறார்கள்.

முகவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் எனக்கும் அந்த ஆசை இருந்தது. அம்மா முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “நான் வந்தா நீ என்னையத்தான் பாத்துக்கிட்டு இருப்ப. கால்வாயை எங்க பாக்கப்போற?”

மறுநாள் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வைத்தாள். எனக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த நகை. இருபது வருடமாகப் பையைவிட்டு வெளியே வராதது. “மாப்பிள்ளை வந்தா அவனுக்குத்தான் போயிருக்கும். வராத ஆளுக்குத்தானே காசு கேக்குறான்? இதைக் குடு” என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா சிரித்தாள்.

முழுப் பயணமே போவதென்று அன்றுதான் முடிவெடுத்தேன். ஈட்டிய விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியேறி மறுபடி நுழையும் என்பதால் பலமுறை நுழைவதற்கான விசா வேண்டும். அதற்கும் விண்ணப்பித்தேன். ஒரு ஜனவரியில் கப்பலேறினேன். அறையில் இரண்டு கட்டில்கள். இரண்டாவதில் என் புத்தகங்களையும் துணிகளையும் பரப்பினேன். காசு கொடுத்த இடம்.

கால்வாய்க்குள் நுழைந்தபோது இருட்டு விலகவில்லை. கட்டூன் மதகில் இரண்டு பேர் ஒரு சின்னத் துடுப்புப் படகில் வந்து கயிற்றை வாங்கிப் போனார்கள். அத்தனை பெரிய எந்திர ஏற்பாட்டில் அந்தத் துடுப்பும் இருந்தது. இருபுறச் சுவரிலும் கோவேறு கழுதைகள் என்று அவர்கள் அழைக்கும் மின் இழுவை வண்டிகள் கப்பலைச் சுவரில் இடிக்காமல் பிடித்துக்கொண்டன. கதவு மூடியது. சுவர் மெல்லக் கீழே இறங்குவது போலிருந்தது. நாங்கள்தான் ஏறிக்கொண்டிருந்தோம். மூன்று படி, 26 மீட்டர்.

மேலே ஏரி. சாக்ரெஸ் ஆற்றை அணைகட்டித் தடுத்து உண்டாக்கியது. அடியில் ஊர்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று கோர்கோனா. கால்வாய் வருவதற்கு அறுபது வருடங்களுக்கு முன்பு, 1850களின் தொடக்கத்தில், ஜமைக்காவின் மேரி சீகோல் என்ற கறுப்பினப் பெண் இந்த நிலஇடுக்கில் விடுதி நடத்தினார். கணவர் இறந்தபின் தனியாகக் கடல்கடந்து திரிந்தவர். கோர்கோனாவில் கொஞ்ச காலம் பெண்களுக்கு மட்டுமான விடுதி வைத்திருந்தார். பிறகு கிரைமியப் போருக்குப் போய், 1857இல் தன் பயணங்களைப் புத்தகமாக எழுதினார். அந்த ஊருக்கு மேலே நான் நின்றுகொண்டிருந்தேன். அமெரிக்கர் கால்வாய் வெட்டிய பத்தாண்டில் மட்டும் 5,609 பேர் இறந்ததாகப் பதிவு. பெரும்பாலோர் கரீபியத் தீவுகளின் கறுப்பினத் தொழிலாளர்கள். அந்தத் தீவுகளிலிருந்து பெண்களும் வந்து துணி வெளுத்தார்கள், சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வந்ததும் கூலிக்குத்தான்.

பெட்ரோ மிகேலில் ஒரு படி, மிராஃப்ளோரெசில் இரண்டு படி இறங்கினோம். மாலையில் அமெரிக்காக்களின் பாலத்துக்கு அடியில் போய்ப் பசிபிக்கில் நின்றோம்.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடிகாலை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றேன். “தண்ணி மாடி ஏறலம்மா. மோட்டாரே கிடையாது. மழைத்தண்ணி மேல ஏரியில நிக்குது. அது கீழ எறங்கி வந்துதான் கப்பலைத் தூக்குது. ஒரு கப்பல் போக ஏறக்குறைய இருபது கோடி லிட்டர். கடைசியில எல்லாம் கடலுக்குப் போயிடும். மழை பொய்ச்ச வருசம் கப்பலையே குறைச்சுட்டாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவ்வளவு நல்ல தண்ணியா?” என்றாள். பிறகு, “நல்லாப் பாத்தியா?” என்று கேட்டாள்.

யாரோடு போனாய் என்று கேட்காமல், என்ன பார்த்தாய் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். அதன் பிறகு வகுப்பில் அந்த நூற்பா வந்தபோது, நான் ஐந்து மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தேன்.