வர்தாவுக்கு வீங்காத லாக்

எஸ்க்யூஎல் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பயம் என்றால் எல்டிஎஃப் என்ற லாக் கோப்புதான். டேட்டா கோப்பு வளர்ந்தால் கம்பெனியில் வியாபாரம் நடக்கிறது என்று விட்டுவிடுவார்கள். லாக் கோப்பு வளர்ந்தால் மட்டும் குப்பை சேர்ந்துவிட்ட மாதிரி எல்லோரும் பதறுவார்கள். டிஸ்க் நிரம்பி 9002 என்ற பிழை வந்து பில்லிங் நின்றுபோவதை ஒரு தடவை பார்த்தவர்கள் பதறுவதில் தப்பும் இல்லை.

சென்னைப் புறநகரில் ஒரு தொழிற்சாலையின் ஈஆர்பி டேட்டாபேஸ் என் கைக்கு வந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் நள்ளிரவில் ஒரு ஜாப் ரெக்கவரி மாடலை ஃபுல்லிலிருந்து சிம்பிளுக்கு மாற்றும், லாக்கை ஷ்ரிங்க் செய்யும், மறுபடி ஃபுல்லுக்குத் திருப்பும். காலையில் 1 ஜிபியாக இருக்கும் கோப்பு மாலைக்குள் 30 ஜிபிக்கு ஏறும். காலை ஷிஃப்டில் "சிஸ்டம் ஸ்லோ" என்று போன் வருவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அன்றைய பதிப்புகளில் லாக் கோப்பு ஒவ்வொரு முறை வளரும்போதும் புதிதாகப் பிடித்த இடம் முழுவதையும் சர்வர் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டுத்தான் அதில் எழுதும். அதுவரை எழுத வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். ராத்திரி சுருக்கியதைப் பகலில் ஊதிப் பெரிதாக்க அந்தச் சர்வர் பாதிச் சக்தியைச் செலவழித்தது என்றால் கொஞ்சம்தான் மிகை.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ஹைதராபாத்ல ஒரு சர்வர் ரெடி பண்ணியாச்சு. இங்க என்ன ஆனாலும் 15 நிமிஷத்துக்கு மேல டேட்டா போகக் கூடாது. லாக் ஷிப்பிங் போட்டுடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதைப் போட்டா லாக் இன்னும் வீங்குமேப்பா, டிஸ்க் தாங்குமா?" என்றார். அந்த நிமிடம் என்னிடமும் நேரான பதில் இல்லை.

மளிகைக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எந்த வரவு செலவும் முதலில் சிட்டையில் ஏறும், பிறகுதான் பேரேட்டுக்குப் போகும். லாக் என்பது சிட்டை. பேரேட்டில் ஏற்றியாகிவிட்டது என்பதற்காக ஃபுல் மாடலில் சிட்டையின் பக்கங்களை அழித்து மறுபடி எழுத முடியாது. அவற்றை நகல் எடுத்திருக்க வேண்டும். லாக் பேக்கப்தான் அந்த நகல். தினமும் ஃபுல் பேக்கப் எடுத்தாலும் லாக்கில் ஒரு பக்கமும் காலியாகாது. இந்த விஷயம் தெரியாத பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் டேட்டாபேஸில் லாக் பேக்கப் என்ற ஒன்றே எடுக்கப்படவில்லை, அதனால்தான் அந்த நள்ளிரவு வைத்தியம்.

லாக் ஷிப்பிங் என்பது மூன்று ஜாப்கள். இந்தப் பக்கம் லாக் பேக்கப் எடுப்பது ஒன்று, அந்தப் பக்கம் கோப்பைக் காப்பி செய்வது ஒன்று, ரீஸ்டோர் செய்வது ஒன்று. எதையும் மாற்றாமல் விட்டால் மூன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். முதல் வேலையாக நள்ளிரவு ஜாப்பை எடுத்துவிட்டேன். சிம்பிளுக்கு ஒரு நொடி மாறினாலும் லாக் சங்கிலி அறுந்துபோகும், அது இருக்கும்வரை லாக் ஷிப்பிங் ஒரு ராத்திரியைக்கூடத் தாண்டாது. லாக் கோப்பை 16 ஜிபியில் நிறுத்தி, ஷ்ரிங்க் பக்கமே போகாமல் விட்டேன். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இடம் காலியானது. அதே இடத்திலேயே சர்வர் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டது. கோப்பு அசையவில்லை. வீக்கத்துக்கு மருந்தே லாக் ஷிப்பிங்கின் முதல் ஜாப்தான் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

அவர் சந்தேகத்துக்குத் துணையாக ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாராவாரம் அன்றிரவு எல்லா இண்டெக்ஸையும் ரீபில்ட் செய்யும் வழக்கம். ஃபுல் மாடலில் ரீபில்ட் மொத்தமும் லாக்கில் எழுதப்படும். 90 ஜிபி டேட்டாபேஸுக்கு ஏறக்குறைய அதே அளவு லாக். பேக்கப்பைக் கம்ப்ரெஸ் செய்தபின்னும் 20 ஜிபி. ஹைதராபாத் லைன் 10 எம்பிபிஎஸ். முழு வேகத்தில் போனாலே மணிக்கு 4.5 ஜிபி. ரீஸ்டோர் 45 நிமிடம் தாமதமானால் அலெர்ட் அடிக்கும். எனவே ஞாயிறு இரவெல்லாம் என் போன் அடித்தது.

டீமில் இருந்த ஒரு தம்பி, "பல்க் லாக்டுக்கு மாத்திடலாமா சார்?" என்றான். நல்ல கேள்வி. ரெக்கவரி மாடலை அப்படி மாற்றினால் லாக் கோப்பு பெரிதாகாது, ஆனால் லைனில் போகும் சுமை குறையாது. மாறிய டேட்டா பக்கங்களையெல்லாம் லாக் பேக்கப் தன்னோடு வாரிக்கொண்டு போகும். கடைசியில் எல்லாவற்றையும் ரீபில்ட் செய்யும் பழக்கத்தைத்தான் விட்டோம். உண்மையிலேயே சிதறிய பெரிய இண்டெக்ஸ்களுக்கு மட்டும் ரீபில்ட், மற்றவற்றில் தேவைப்படுபவற்றுக்கு ரீஆர்கனைஸ். ரீஆர்கனைஸ் சின்னச் சின்னப் பரிவர்த்தனைகளாக நடப்பதால் நடுவில் ஓடும் லாக் பேக்கப் இடத்தை மீட்டுக்கொடுக்கும். அந்த ராத்திரிக்கு மட்டும் பேக்கப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்கினோம்.

இதற்கெல்லாம் அடங்காத வீக்கம் ஒரு மாலை வந்தது. பேக்கப் தவறாமல் ஓடுகிறது, லாக் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. லாக்கை ஏன் திரும்பப் பயன்படுத்த முடியவில்லை என்பதைச் சர்வரே சொல்லும். சிஸ் டேட்டாபேசஸில் 'லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. 'ஆக்டிவ் டிரான்சாக்ஷன்' என்றது. டிபிசிசி ஓப்பன்டிரான் ஓட்டி, எந்தக் கணினி என்று பார்த்து, ஸ்டோர்ஸ் செக்‌ஷனுக்கு நடந்தேன். ஆள் இல்லை. திரை பூட்டியிருந்தது, கீபோர்டுக்குப் பக்கத்தில் கழுவாத டிஃபன் பாக்ஸ். பிகின் டிரான் போட்டு ஒரு அப்டேட் ஓட்டிவிட்டு, கமிட் செய்யாமல் அரைநாள் லீவில் போயிருந்தார். போனில் கேட்டால், "சரியா இருக்கான்னு பாத்துட்டு கமிட் பண்ணலாம்னு இருந்தேங்க" என்றார். எச்சரிக்கையான மனிதர். அந்த செஷனை கில் செய்தேன். அடுத்த பேக்கப்பில் இடம் திரும்பியது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. ஜெனரேட்டரைப் போட்டுத் தொழிற்சாலையை மறுபடி ஓட்டிவிட்டார்கள், ஹைதராபாத் லைன் மட்டும் வரவில்லை. மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார். அந்தப் பக்கம் போக முடியாத லாக் எல்லாம் இங்கே தேங்கி டிஸ்க் வெடிக்கும் என்பது அவர் கணக்கு. மிரரிங்கிலும் ஆல்வேஸ் ஆனிலும் அந்தக் கணக்கு சரி. எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை லாக் பிடித்து வைக்கப்படும். லாக் ஷிப்பிங்கில் அப்படி இல்லை. பேக்கப் எடுத்த கணமே இந்தப் பக்கத்தின் கடன் தீர்ந்தது. ஹைதராபாத் அதை எடுத்ததா என்று சர்வர் பார்ப்பதில்லை. எல்டிஎஃப் 16 ஜிபியிலேயே நின்றது. தேங்கியதெல்லாம் பேக்கப் ஃபோல்டரில். அந்த ஃபோல்டரை ஹைதராபாத்திலேயே வைத்துவிடலாம், ஒரு காப்பி வேலை மிச்சம் என்று ஆரம்பத்தில் ஒரு யோசனை வந்திருந்தது. அப்படி வைத்திருந்தால் லைன் போன உடனே பேக்கப் நின்று, மேனேஜர் பயந்தபடியே நடந்திருக்கும்.

நான் பயந்தது வேறொன்றுக்கு. பேக்கப் கோப்புகள் 72 மணி நேரம் பழசானால் பேக்கப் ஜாப்பே அவற்றை அழித்துவிடும். போய்ச் சேராத கோப்பு அழிந்தால் மொத்த டேட்டாபேஸையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும், அதுவும் 10 எம்பிபிஎஸ் லைனில். அதை 168 மணி நேரமாக மாற்றினேன். வாரக் கடைசியில் லைன் வந்தபோது 25 ஜிபி காத்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை, பேக்கப் ஃபோல்டர் இருக்கும் டிஸ்க்குக்கு இன்னும் 100 ஜிபி கேட்டு மெயில் போட்டேன். புயல் ஞாபகம் ஆறாததால் கேள்வியே இல்லாமல் அன்றைக்கே ஒப்புதல் வந்தது.